தகுதிகாண் காலம் முடியும் நேரத்தில் வேலையை விட்டு அனுப்பினால்: தமிழ்நாட்டுத் தனியார் ஊழியர்களுக்கான முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. சிஸ்டத்தை அணைக்கப் போன நேரத்தில் ஹெச்.ஆர். அறைக்கு வரச் சொன்னார்கள். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பணி நீக்கக் கடிதம். இன்னொன்று, என் பெயர் போட்டு ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த ராஜினாமா கடிதம். "டெர்மினேஷன்னு ரெக்கார்டுல ஏறிட்டா அடுத்த கம்பெனில பிரச்சினை வரும் சார். இதுல கையெழுத்து போட்டுட்டா உங்களுக்குத்தான் நல்லது" என்றார் எதிரில் இருந்தவர். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றி வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நான் அங்கே சேர்ந்தது ஜூன் 3. ஆறு மாத புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம், டிசம்பர் 2-ம் தேதியே முடிந்துவிட்டது. என்னை அனுப்பியது டிசம்பர் 13. அந்தப் பதினொரு நாளுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த ஒரு கையெழுத்தில் அதை நானே அழித்திருந்தேன். அதே அறையில் நாளை இன்னொருவர் உட்காருவார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"புரொபேஷன்ல இருக்கறவங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது" என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. நிரந்தர ஊழியரை விட உரிமை குறைவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை 'புரொபேஷன்' என்ற சொல் தீர்மானிப்பதில்லை. நீங்கள் அனுப்பப்பட்ட தேதியும் கடிதத்தில் இருக்கும் வார்த்தைகளும்தான் தீர்மானிக்கின்றன.

முதல் படி: ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள்

வேலை நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு எல்லாமே, நிறுவனம் உங்களை நீக்கினால்தான் கிடைக்கும். நீங்களாகவே விலகினால் கிடைக்காது. ராஜினாமா கடிதத்தைக் கேட்டு வாங்க ஏன் அவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

அந்த அறையில் உங்களுக்கு வாக்குவாதம் தேவையில்லை. "படித்துப் பார்த்துவிட்டு நாளை பதில் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். பணி நீக்கக் கடிதத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்டால், 'கடிதம் பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். வாய்மொழியாக மட்டும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றால், கடிதமாகக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போய் நில்லுங்கள். வாசலில் தடுத்தால் அதை அங்கிருந்தே மெயிலாக அனுப்பிவிடுங்கள். போகாமல் இருந்துவிட்டால், 'தானாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்' என்று எழுத அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும்.

என்னைப் போல ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அன்று இரவே மெயில் போடுங்கள்: 'அழுத்தத்தின் பேரில் கையெழுத்து வாங்கப்பட்டது, அந்த ராஜினாமாவை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்'. ராஜினாமா ஏற்கப்படுவதற்கு முன்பு அதைத் திரும்பப் பெறலாம். ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டாலும், அன்றே எழுதிய மறுப்புக்கு ஓர் எடை உண்டு. மூன்று மாதம் கழித்து "கட்டாயப்படுத்தினார்கள்" என்று சொன்னால் நம்புவது யாருக்கும் கஷ்டம்.

இரண்டாவது படி: நாட்களை எண்ணுங்கள்

ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு, வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து அனுப்பப்பட்ட தேதி வரை எண்ணுங்கள். மூன்று எல்லைக்கோடுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆறு மாதம். தமிழ்நாட்டில் அலுவலகம், கடை, ஐ.டி. நிறுவனம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 41-வது பிரிவு சொல்வது இதுதான்: தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, நீக்கினாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும். முறையாக விசாரணை நடத்தி, ஆதாரத்தோடு ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

அந்தப் பிரிவு 'நிரந்தர ஊழியர்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் வேலை செய்தவர் என்றுதான் சொல்கிறது. ஆறு மாத புரொபேஷன் முடிந்ததும் "இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறோம்" என்று கடிதம் வந்தாலும், 41-வது பிரிவைப் பொறுத்தவரை நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஆஃபர் லெட்டரில் 'தகுதிகாண் காலத்தில் 15 நாள் நோட்டீஸ்' என்று இருந்தாலும், ஆறு மாதம் கடந்தவருக்குச் சட்டம் சொல்லும் ஒரு மாதம்தான் செல்லும். ஐந்து மாதம் இருபது நாள் என்ற கணக்கில் பலரை அனுப்புகிறார்கள் என்றால் அது தற்செயல் இல்லை.

இரண்டாவது, 240 நாள். கடைசி பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால், ஓராண்டு தொடர் பணி என்று கருதப்படும். அப்படிப்பட்டவரை ஆட்குறைப்புச் செய்ய (தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நீக்க), காரணம் காட்டி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, ஓர் ஆண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. 240-ஐ எண்ணும்போது சம்பளத்தோடு கூடிய வார விடுமுறைகளையும் சேர்க்க வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய எட்டு மாதத்தில் 240 வந்துவிடும். நீட்டிக்கப்பட்ட புரொபேஷனில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் நிபந்தனைப்படி வேலையை முடித்தால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் தகுதிகாண் ஊழியர் ஒருவரின் வழக்கில், 1994-ல், உச்ச நீதிமன்றம் அந்த விதிவிலக்கைப் பொருத்தியது. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் நீட்டுவார். அதனால் 240 நாளை மட்டும் நம்பாமல், 41-வது பிரிவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 480 நாள். இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். புரொபேஷனை நீட்டிக்கொண்டே போகும் இடங்களுக்கு இது உதவும்.

மூன்றாவது படி: நியமனக் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள்

சேர்ந்த அன்று சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். இப்போது நிதானமாகப் படிக்க வேண்டும். தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: தகுதிகாண் காலம் முடிந்த பிறகு என்ன ஆகும்?

'எழுத்துமூலம் உறுதிசெய்யப்படும் வரை தகுதிகாண் நிலையிலேயே தொடர்வீர்கள்' என்று இருந்தால், தேதி கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் நீங்கள் நிரந்தரம் ஆகிவிட முடியாது. பெரும்பாலான கடிதங்களில் இப்படித்தான் இருக்கும். 'அதிகபட்சம் ஓர் ஆண்டு' என்பதுபோல் உச்சவரம்பு இருந்து, உறுதிசெய்யத் தனியாக ஆணை வேண்டும் என்று எங்கும் சொல்லாமல், அந்த வரம்பைத் தாண்டியும் உங்களை வேலையில் வைத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது நீங்கள் உறுதிசெய்யப்பட்டவர் என்று வாதாடலாம். 1968-ல் தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற வாதம் இது.

எதுவும் சொல்லாமல் வெறுமனே 'ஆறு மாதம் தகுதிகாண் காலம்' என்று மட்டும் இருந்தால்? இதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றே இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கு, 1964-ல் வெளியான தீர்ப்பு. அதில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஆறு மாதம் முடிந்தும் எந்த ஆணையும் இல்லையென்றால் அவர் தகுதிகாண் ஊழியராகவே தொடர்கிறார். இது நமக்குப் பாதகம். ஆனால் ஆறு மாதம் முடிவதற்கு முன்பே, ஒழுங்கீனமோ வேறு போதுமான காரணமோ இல்லாமல் அவரை நீக்க முடியாது. இது சாதகம். திருப்தி இல்லை என்று அனுப்புவதாக இருந்தால் அந்த ஆறு மாதத்தை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கடிதத்திலேயே 'இடையில் எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம்' என்று எழுதியிருந்தால் இந்த வாதம் பலவீனமாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்கிறேன்.

நான்காவது படி: நீக்கக் கடிதத்தின் வார்த்தைகள்

'உங்கள் பணி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை' என்று எழுதி அனுப்பினால், அதைக் களங்கம், அதாவது பெயரைக் கெடுக்கும் குற்றச்சாட்டு, என்று நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதுவதில்லை. ஒருவரின் திறமையைப் பார்த்து முடிவெடுக்கத்தானே தகுதிகாண் காலம்.

'பொய்க் கணக்குக் காட்டினார்', 'நேர்மையற்றவர்', 'தகவலைத் திருடினார்' என்று கடிதத்தில் வந்தாலோ, அப்படிப்பட்ட குற்றச்சாட்டை உள்ளுக்குள் விசாரித்து, அதை வைத்தே நீக்கியிருந்தாலோ விஷயம் தலைகீழ். அது தண்டனை. தண்டனை என்றால் குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டு, விசாரணை நடத்தியிருக்க வேண்டும், தகுதிகாண் ஊழியராக இருந்தாலும். அரசு ஊழியர் வழக்கான பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில், 1957-ல், இதற்கான அடிப்படையை வகுத்தார்கள். குற்றச்சாட்டு நீக்கத்துக்கு வெறும் தூண்டுதலா, அல்லது அதுவே அஸ்திவாரமா என்பதுதான் கேள்வி. அஸ்திவாரம் என்றால் நீக்கம் நிற்காது. கடிதம் மென்மையாக இருந்தாலும், அதில் குறிப்பிடப்பட்ட வேறு ஆவணத்தில் களங்கமான சொல் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும் என்று 1999-ல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் தீர்ப்பு வந்தது. தனியார் நிறுவனம் நயமான வார்த்தையில் எழுதியிருந்தாலும், அதன் பின்னால் பழிவாங்கல் இருக்கிறதா என்று திரையை விலக்கிப் பார்க்கும் அதிகாரம் தொழிலாளர் தீர்ப்பாயங்களுக்கு உண்டு.

அதனால் கடிதம் கைக்கு வந்ததும், அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களைத் திரும்பிப் பாருங்கள். குறை சொல்லி மெயில் வந்ததா? மாதாந்திர ரிவ்யூவில் என்ன மதிப்பெண்? 'நன்றாகச் செய்கிறீர்கள்' என்று மேலாளர் எழுதியது இருக்கிறதா? குறைகளை அவ்வப்போது சொல்லித் திருந்த வாய்ப்புக் கொடுக்காமல் திடீரென்று அனுப்புவது முறையல்ல என்று 1989-ல் டாக்டர் சுமதி ஷேரே வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. நல்ல ரிவ்யூ கையில் இருந்தால் 'நியாயமான காரணம்' எங்கே என்று கேட்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, உங்களைப் பற்றிய ரிவ்யூ, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் விவரம், நிரல், உள் அறிக்கை எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நாமே அவர்களுக்கு ஒரு குற்றச்சாட்டைத் தயாரித்துக் கொடுத்ததாகிவிடும். மெயில் இணைப்பை மாலையே துண்டித்துவிடுவார்கள் என்பதால், சம்பளச் சீட்டுகளை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது படி: 48 மணி நேரத்துக்குள் ஒரு பதில்

வழக்குப் போடும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பதில் அனுப்பிவிடுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எதில் வருமோ அதில் எழுதுங்கள். கோபம் வேண்டாம். நான் அன்று அனுப்பியிருக்க வேண்டிய மெயில் இது:

'நான் ஜூன் 3 அன்று பணியில் சேர்ந்தேன். தகுதிகாண் காலம் டிசம்பர் 2 அன்று முடிந்தது. அதன் பிறகும் தொடர்ந்து பணியாற்றி வந்தேன். டிசம்பர் 13 மாலை 5.30 மணிக்கு நடந்த சந்திப்பில் ராஜினாமா செய்யுமாறு கேட்கப்பட்டேன். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. என் பணியில் குறை இருப்பதாக இதுவரை எழுத்துமூலம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. நான் நீக்கப்படுவதாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், இன்று வரையான ஊதியம், விடுப்புக்கான தொகை ஆகியவற்றை வழங்கவும். என் சட்ட உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.'

அவ்வளவுதான். இதையே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும் அனுப்புங்கள். அந்தச் சந்திப்பில் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடும்.

ஆறாவது படி: வர வேண்டிய பணம்

நீக்கினாலும் சரி, நீங்களே விலகினாலும் சரி, நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத்தொகுப்பு. "ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்குத் தீர்ப்பது) 45 நாள் ஆகும்" என்பது நிறுவனத்தின் வழக்கமாக இருக்கலாம், ஊதியத்தைப் பொறுத்தவரை சட்டம் அது இல்லை. வராத ஊதியத்துக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். பி.எஃப். கணக்கில் நிறுவனம் போட்ட பங்கும் உங்களுடையதே. வெளியேறிய தேதியைச் சரியாகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். கிராஜுவிட்டி இவ்வளவு குறைந்த பணிக்காலத்துக்குக் கிடைக்காது, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியோடு ஒரு செட்டில்மென்ட் தாள் வரும். அதிலும் அவசரம் வேண்டாம். தொகை சரியா என்று பார்த்து, ஏற்காததை எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஏழாவது படி: எங்கே போவது, எத்தனை நாளுக்குள்

41-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய நீக்க ஆணை கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள்தான். தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செய்ய வேண்டும். நியாயமான காரணம் இல்லை என்பதையோ, ஒழுங்கீனம் செய்யவில்லை என்பதையோ அங்கே வாதிடலாம். "பேசிப் பார்க்கலாம்" என்று நிறுவனம் வாரக்கணக்கில் இழுக்கும்போது இந்த 30 நாள் கரைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் தயாராகட்டும்.

இன்னொரு வழி, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி. மனுக் கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். பல விவகாரங்கள் இந்த மேஜையிலேயே நோட்டீஸ் சம்பளத்தோடும் நல்ல ரிலீவிங் லெட்டரோடும் முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் அடுத்தது தீர்ப்பாயம். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தொகுப்பில் தகராறு எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் சமரசத்துக்குப் போக வேண்டும். அது தோற்றால் அந்த அறிக்கை வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டாவது வழி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அதில் வரமாட்டார்கள். இதில் பார்க்கப்படுவது செய்யும் வேலை, பதவியின் பெயர் அல்ல. கார்டில் 'மேனேஜர்' என்று போட்டு, கீழே ஒருவர்கூட இல்லாமல் நாள் முழுக்க டிக்கெட் (சிஸ்டத்தில் வரும் வேலைக் கோரிக்கைகள்) முடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் தொழிலாளர்தான் என்று வாதிடலாம். உண்மையிலேயே நிர்வாகி என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. அங்கே பொதுவாக வேலையைத் திரும்பக் கேட்க முடியாது, இழப்பீடுதான். அதுவும் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டப்படி, பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கர்ப்பமாக இருந்தால், புகார் கொடுத்திருந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு மகப்பேறு உரிமை உண்டு. புரொபேஷன் என்பதால் அது போகாது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதோ, அந்த விடுப்பின் காரணமாகவோ நீக்குவது சட்டவிரோதம். கர்ப்பமாக இருப்பதை மெயிலில் தெரிவித்த தேதியும், 'செயல்திறன் போதவில்லை' என்ற கடிதத்தின் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்த இரண்டு தேதிகளே பாதி வழக்கு. பாலியல் தொல்லைக்குப் புகார் கொடுத்த பிறகு நீக்கப்பட்டவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். புகார் இன்னும் கொடுக்கவில்லை என்றால், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அதைக் கொடுக்கலாம்.

அடுத்த வேலைக்குப் போகும்போது

நான் கையெழுத்துப் போட்டதே இந்தப் பயத்தில்தான். பிறகு மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் "ஏன் ஆறு மாதத்தில் விட்டீர்கள்?" என்று கேட்டார்கள். ராஜினாமா என்று இருந்ததாலேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. 'தகுதிகாண் காலத்தில் உறுதிசெய்யவில்லை, இந்த வேலைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை' என்று நேராகச் சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். நிறுவனத்தோடு சமரசம் பேசும்போது, பணத்தோடு சேர்த்து, பணிச் சான்றிதழில் என்ன வார்த்தை வரும் என்பதையும், பின்னணி சரிபார்ப்புக்குக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தப் பதவியில் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி போதும். அசல் கல்விச் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால், பேச்சின் முதல் கோரிக்கையாக அவற்றைக் கேளுங்கள்.